கலைப்பு வெட்டு: இழுத்து வருவதா, சுமந்து வருவதா?

எங்கள் பைன் தோப்பு முதல் கலைப்புக்கு, அதாவது நெருக்கம் குறையச் சில மரங்களை வெட்டி எடுத்து மற்றவற்றை வளரவிடும் வெட்டுக்கு வந்தபோது மரங்களுக்கு 25 வயது. கொப்புகள் பின்னிப் பிணைந்து, கீழ்ப்பாதியில் பச்சையே இல்லாமல் காய்ந்து கிடந்தது. வெட்டியாக வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வெட்டிய மரத்தை எப்படி வெளியே எடுப்பது என்று முடிவு செய்யத்தான் நாள் பிடித்தது.

முழுமர முறையில் ஃபெல்லர் பஞ்சர் என்ற இயந்திரம் மரங்களை அறுத்துக் கட்டாகக் கிடத்தும். ஸ்கிடர் என்ற இழுவை வண்டி அந்தக் கட்டைக் கவ்வி, கிளையும் தழையுமாகச் சாலையோரம் வரை தரையில் இழுத்துப் போகும். கிளை கழிப்பது அங்கேதான். துண்டுமர முறையில் ஹார்வெஸ்டர் மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, அளந்து, நின்ற இடத்திலேயே துண்டு போட்டுவிடும். பின்னால் வரும் ஃபார்வர்டர் துண்டுகளை முதுகில் ஏற்றிச் சுமந்து வரும். முதலாவது வட அமெரிக்காவில் வேரூன்றியது. இரண்டாவது சுவீடன், பின்லாந்துக் காடுகளில் வளர்ந்தது.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரேயடியாக மொத்தக் காட்டையும் வெட்டுவதானால் முழுமர முறை விரைவாக முடியும். கலைப்பில் விழுவதோ ஒல்லி மரம். மரம் சிறுத்தால் ஒரு கனமீட்டருக்கு ஆகும் நேரமும் செலவும் ஏறும். எந்த இயந்திரத்துக்கும் இது பொருந்தும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது நிற்கும் மரம். கலைப்பில் நாம் எடுப்பது லாபமல்ல, விட்டுவைப்பதுதான் லாபம். விட்டுவைத்த மரத்தின் அடித்துண்டுதான் பிற்பாடு பலகையாகி அதிக விலை பெறும். காயம் படுவதும் அந்த அடித்துண்டில்தான்.

ஒரு மூலையில் முதலில் ஸ்கிடரை வைத்தே வெள்ளோட்டம் பார்த்தோம். மறுநாள் காலை இழுவைத்தடத்தில் நடந்தேன். நேராகப் போன இடத்தில் பெரிய சேதமில்லை. வளைவில் உட்பக்கம் நின்ற மரங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முழங்கால் உயரத்தில் பட்டை உரிந்து, வெளிறிய கட்டை தெரிந்தது. விளிம்பில் பிசின் முத்து முத்தாகத் துளிர்த்திருந்தது. வண்டி வளைவில் திரும்பும்போது பின்னால் வரும் நீண்ட மரம் அதன் பின்னாலேயே திரும்பாது, குறுக்கே வெட்டி வரும். வழியில் நிற்பதை உரசித்தான் வரும். ஓட்டுநரின் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. 15, 20 மீட்டர் நீளத்தை இழுத்து நெருக்கமான தோப்புக்குள் திரும்பினால் எவரானாலும் இதுதான் நடக்கும்.

பைன் பிசினால் காயத்தை ஓரளவு மூடிக்கொள்ளும். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்கு அந்தத் தெம்பு குறைவு. காயத்தின் வழியே அழுகல் பூஞ்சை நுழைந்து மேலே ஏறும். வசந்தத்தில் சாறு ஏறும் பருவத்தில் பட்டை கட்டையோடு ஒட்டாமல் வழுகி நிற்பதால், லேசாக உரசினாலே கையளவு கழன்று வரும். அந்தப் பருவத்தில் எந்த முறையிலும் இறங்காதீர்கள்.

ஃபார்வர்டர் காயமே செய்யாது என்று சொல்லமாட்டேன். ஏற்றும்போது கிரேன் இடிப்பதுண்டு. சுமையோடு சேர்த்து 30 டன்னைத் தொடும் வண்டி, ஈரமண்ணில் தடம் பதித்து ஓரத்து மரங்களின் வேரை நறுக்கும். மண் இறுகுவதில் பெரும்பங்கு முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடும். பிறகு கவனமாக ஓட்டிப் பயனில்லை. இதற்கு மருந்தும் அந்த முறையிலேயே இருக்கிறது. ஹார்வெஸ்டர் கழிக்கும் கொப்பையும் மிலாறையும் தன் முன்னால் தடத்தின் மேலேயே விரித்துப் போடலாம். எங்கள் தடத்தில் அந்த மெத்தை கணுக்கால் புதையும் அளவு இருந்தது. அதன் மேல் சக்கரம் போன இடத்தில் மண் பிதுங்கவில்லை. சத்து மிகுந்த ஊசியிலையும் காட்டிலேயே தங்கிவிடுகிறது. முழுமர முறையில் இது அத்தனையும் சாலையோரக் குவியலாகிவிடும். எரிபொருளுக்கு விற்பவருக்கு அது வசதி. நான் அதற்காக மெத்தையை இழக்கத் தயாரில்லை.

இன்னொரு நன்மை: வெட்டிய அடிக்கட்டை வழியே வேரழுகல் பூஞ்சை பரவாமல் இருக்க, யூரியாக் கரைசலையோ ஃப்ளெபியாப்சிஸ் என்ற எதிர்ப்பூஞ்சையையோ ஹார்வெஸ்டரின் ரம்பத் தகடே அறுக்கும்போது தெளித்துவிடும்.

சங்கிலி ரம்பமும் ஆளும் போதாதா என்று கேட்பார்கள். சின்னத் தோப்புக்குப் போதும். ஆனால் கலைக்காத நெருக்கத்தில் அறுத்த மரம் விழாமல் பக்கத்து மரத்தின் தலையில் சாய்ந்து தொங்கும். அதன் அடியில் போய் நிற்க எவரையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

செங்குத்துச் சரிவில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே கம்பிவடத்தில் தூக்கி எடுப்பது தனிக் கலை. கோணல் மாணலாகத் தடித்த கிளை விடும் அகலிலை மரங்களில் ஹார்வெஸ்டரின் பிடித்து அறுக்கும் தலை திணறும் என்பது மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. என் கைப்பட்ட அனுபவம் பைனோடு சரி.

துண்டுமர முறைக்கு நீங்கள் கொடுக்கும் விலை நிலம். கிரேன் எட்டுவது 10 மீட்டர் என்பதால் 20 மீட்டருக்கு ஒரு தடம், ஒவ்வொன்றும் 4 மீட்டர் அகலம். ஐந்தில் ஒரு பங்கு நிலம் வழிக்கே போகும். ஆகவே தடத்தை ஓட்டுநர் கையில் விடாமல் முன்னதாக நடந்து, ஈரப்பள்ளங்களைச் சுற்றி, கூர் வளைவில்லாமல் நாடா கட்டிக் குறித்துவிடுங்கள். அடுத்த கலைப்புக்கும் வண்டி அதே தடத்தில்தான் வரும்.