குதிகால் ஜெல் குஷன், 12 வெள்ளி 90 சென்: அஞ்சுக்கு மூணு குடுக்கலாம்

சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு ஃபார்மசில வாங்குனது. சிலிக்கோன்ல சின்ன கிண்ணம் மாதிரி இருக்கும், சப்பாத்துக்குள்ள குதிகால் வைக்கிற எடத்துல போட்டுக்கணும். ரெண்டு மாசமா போடுறேன்.

எனக்கு ஸ்கூல் கேன்டீன்ல வேலை, காலைல அஞ்சரைக்குப் போனா ரெண்டு மணி வரைக்கும் சிமெண்டு தரையில நிக்கணும். தூங்கி எந்திரிச்சு மொத காலடி வச்சா ஆணிய மிதிச்ச மாதிரி இருக்கும், சுவத்தப் பிடிச்சிக்கிட்டேதான் பாத்ரூம் போவேன், கொஞ்சம் நடந்தா கொறையும், உக்காந்துட்டு எந்திரிச்சா திரும்ப அதே கததான். பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தைல, ஒருத்தன் காந்தம் வச்ச சிலிப்பர்னு 35 வெள்ளிக்கு தலைல கட்டுனான், அதப் போட்டு இன்னும் மோசமாச்சு.

அப்புறம்தான் கவர்மெண்ட் கிளினிக் போனேன். டாக்டர் குதிகால்ல கட்டவெரலால ஒரு அமுக்கு அமுக்குனாரு, கத்திட்டேன். பிளாண்டார் ஃபேசியைட்டிஸாம், குதிகால் எலும்புலருந்து வெரல் வரைக்கும் அடிப்பாதத்துல ஓடுற பட்டை இழுபட்டு நொந்து போயிருக்காம். எலும்பு வளந்துருக்கா எக்ஸ்ரே எடுங்கன்னேன், அது வலியே இல்லாதவங்களுக்கும் இருக்கும்மா, இப்ப வேணாம்னுட்டாரு.

சரி குஷனுக்கு வருவோம். நிக்கிற நேரத்துல நல்லாவே தாங்குது, பதினோரு மணிக்கு மேல வர்ற அந்தக் கடுப்பு பாதியா கொறஞ்சிருச்சு. ஆனா தரையில தண்ணி பட்டு சப்பாத்து நனைஞ்சா உள்ளுக்குள்ள வழுக்கிக்கிட்டு முன்னால போயிரும், நாசி லெமாக் சோத்தப் பொட்டலம் கட்டிக்கிட்டு இருக்கும்போது எவன் குனிஞ்சு சரி பண்றது? தெனம் கழுவலன்னா நாத்தம் வேற. வலி ஒரு கால்லதான்னாலும் ரெண்டுலயும் போடுங்க, இல்லன்னா நட கோணிக்கும்.

காலை வலிக்கு இது ஒன்னும் பண்ணல, அதையும் சொல்லிடுறேன். அதுக்கு வேல செஞ்சது டாக்டர் சொன்ன காசில்லாத வைத்தியம்தான். கட்டில விட்டு எறங்குறதுக்கு முன்னாடியே கால மடியில போட்டு வெரல்கள மேல இழுத்துப் பிடிச்சு பத்து எண்ணி விடணும், பத்து தடவ, ஒரு நாளைக்கு மூணு வேள. நான் மொத வாரம் ரெண்டு நாள் செஞ்சிட்டு விட்டுட்டேன், ஒழுங்கா செய்ய ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சுதான் சுவத்த விட்டேன். ராத்திரி சிராப் போத்தல்ல தண்ணி ஊத்தி ஐஸாக்கி, துணி சுத்தி, பாதத்துக்கு அடியில பத்து நிமிசம் உருட்டுறேன்.

வீட்டுக்குள்ள வெறுங்கால்ல நடக்கக்கூடாதுன்னாரு, அதுதான் பெரிய பஞ்சாயத்து. "நான் தோட்டத்துல செருப்பில்லாம பால்மரம் வெட்டுனவ, வீட்டுக்குள்ள என்னடி செருப்பு"ன்னு மாமியார். அத்த, அது மண்ணு, இது டைல்ஸுன்னு சொல்லிப் பாத்தேன். இப்ப உள்ளுக்குன்னே தனியா ஒரு ஜோடி வச்சிருக்கேன், சாமி ரூம் வாசல்ல மட்டும் கழட்டிருவேன்.

காலு மரத்துப் போனாலோ வீங்கி சூடா இருந்தாலோ குஷன் தேடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. வாங்குறவங்க லேஸ் கட்டுற சப்பாத்துல போடுங்க, சும்மா நொழைக்கிற சப்பாத்துல போட்டா குதிகால் மேல ஏறி கழண்டுக்கிட்டே இருக்கும்.