ஒரே குன்று, இரண்டு வரைபடங்கள்: மார்மன் நம்பிக்கையின் காப்பாளர்களுக்குள் நிலவும் போட்டி

நியூயார்க் மாநிலத்தில் பால்மைரா ஊருக்குத் தெற்கே, பனியாறு குவித்துவிட்டுப் போன நீளமான மேடு ஒன்று இருக்கிறது. மார்மன்கள் அதைக் குமோரா குன்று என்கிறார்கள். 1827 செப்டம்பரில் ஜோசப் ஸ்மித் என்ற 21 வயது இளைஞர் அந்தக் குன்றிலிருந்து பொன் தகடுகளை எடுத்ததாகவும், அவற்றில் இருந்ததை இறையருளால் மொழிபெயர்த்ததாகவும் சொன்னார். 1830-இல் பால்மைராவிலேயே அச்சாகி வெளிவந்த மார்மன் புத்தகம் அதுதான். எருசலேமிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் வழித்தோன்றல்கள் நேபியர், லாமானியர் என்று இரண்டாகப் பிரிந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் போரிட்டதையும், கடைசியில் குமோரா என்ற குன்றின் அடியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நேபியர் மடிந்ததையும் அந்நூல் கூறுகிறது. அந்தக் குமோரா எது என்று கேட்டால், மார்மன் நம்பிக்கையைக் காக்க எழுதுகிறவர்களிலேயே ஒரு சாரார் பால்மைராவின் மேட்டைக் காட்டுகிறார்கள். இன்னொரு சாரார் தெற்கு மெக்சிகோவைக் காட்டி, நியூயார்க்கில் இருப்பது தகடுகள் புதைக்கப்பட்ட, அதே பெயரைப் பின்னாளில் பெற்ற வேறொரு குன்று என்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சில்லறைச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் 1.7 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்குள் யார் சொல் எடுபடும் என்ற கேள்வி இந்தப் பிணக்குகளின் வழியாகவே நகர்ந்துவந்திருக்கிறது. இங்கே மூன்று தரப்புகளை ஒப்பிடுகிறேன்: தெற்கு மெக்சிகோவை உள்ளடக்கிய மத்திய அமெரிக்க வரைபடத்தை முன்வைக்கும் ஆய்வாளர்கள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியே நேபியர் நாடு என்னும் ஹார்ட்லேண்ட் இயக்கத்தார், இந்த வாதப்போரே தங்கள் வேலை அல்ல என்று ஒதுங்கிக்கொண்ட பல்கலைக்கழக அறிஞர்கள். ஒவ்வொரு தரப்பும் எதைக் காக்கிறது என்பதோடு, அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறது என்பதையே என் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். எதையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு நம்பிக்கையைக் காத்தவரை இந்த வரலாற்றில் நான் காணவில்லை.

இந்த அளவுகோலை நான் எடுத்துக்கொண்டது பி. எச். ராபர்ட்ஸிடமிருந்து. சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவரும் அந்தத் தலைமுறையின் தலைசிறந்த காப்புரையாளருமான அவரிடம் 1921-இல் ஒரு கேள்விப் பட்டியல் வந்து சேர்ந்தது. வாஷிங்டன் நகரைச் சேர்ந்த ஒருவர் ஓர் இளம் மார்மனிடம் கேட்டவை அவை. அந்த இளைஞர் அவற்றைச் சபையின் உயர் தலைவர்களான அப்போஸ்தலர்களுள் ஒருவராகிய ஜேம்ஸ் டால்மேஜுக்கு அனுப்ப, டால்மேஜ் ராபர்ட்ஸிடம் ஒப்படைத்தார். எபிரேய மொழி பேசிய ஒரே குடும்பத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்குள் இத்தனை அமெரிக்கப் பழங்குடி மொழிகள் கிளைத்தது எப்படி? கொலம்பஸ் வந்தபோது அமெரிக்காவில் இல்லாத குதிரை நூலில் வருவது எப்படி? எஃகும் பட்டும் வருவது எப்படி? விடை தேடப்போன ராபர்ட்ஸ் 141 பக்கங்களில் சிக்கல்களை எழுதி, 1922 ஜனவரியில் சபையின் உயர் தலைவர்கள் முன்னிலையில் இரண்டு நாட்கள் படித்துக் காட்டினார். சேர்ந்து விடை காண்போம் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு, அங்கிருந்தவர்கள் நூல் உண்மை என்ற தங்கள் சாட்சியங்களையே எடுத்துச் சொன்னார்கள். அவர் ஏமாற்றத்தோடு திரும்பினார். அவர் எழுதிவைத்தவை 1985 வரை அச்சேறவில்லை. இன்றைய மூன்று தரப்புகளும் அந்த இரண்டு நாட்களில் பதில் கிடைக்காமல் போன கேள்விகளுக்கு வெவ்வேறு வகையில் பதில் சொல்ல முயல்கிறவர்கள் என்றே நான் பார்க்கிறேன்.

அந்த இடைவெளியை முதலில் நிரப்பியவர் ஹியூ நிப்ளி. 1946 முதல் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், அமெரிக்க மண்ணைத் தோண்டிச் சான்று தேடுவதை விட்டுவிட்டு, பண்டைய மத்தியக் கிழக்கின் மொழிகளையும் சடங்குகளையும் மார்மன் நூலோடு ஒப்பிடும் பாதையைத் திறந்தார். 1967-இல் சமயப் பரப்பு ஊழியராக ஜெர்மனியில் இருந்த ஜான் வெல்ச், எபிரேய வேதத்தில் காணப்படும் தலைகீழ் அடுக்கணி (சொன்னவற்றைத் தலைகீழ் வரிசையில் திரும்பச் சொல்லும் அமைப்பு) மார்மன் நூலிலும் இருப்பதைக் கண்டார். 1979-இல் அவரே பண்டைய ஆய்வுகளுக்கான ஃபார்ம்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். மத்திய அமெரிக்க வரைபடம் வலுப்பெற்றது இந்த அமைப்பின் நிழலில்தான்.

அந்த வரைபடத்தை விரிவாக வகுத்தவர் மானிடவியலாளர் ஜான் சோரன்சன். 1985-இல் வெளிவந்த நூலில் அவர் கையாண்ட முறை எளியது, ஆனால் துணிச்சலானது. நேபி நாட்டிலிருந்து சாரகெம்லா நகருக்கு மந்தைகளோடும் குழந்தைகளோடும் ஒரு கூட்டம் நடந்துவந்த நாட்களை நூலிலிருந்தே கூட்டினால் சுமார் 21 நாட்கள் வருகின்றன. அப்படியானால் கதை நடந்த நிலம் இரண்டு கண்டங்கள் அல்ல, சில நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும் ஒரு பகுதி மட்டுமே. எழுத்து, நகரம், திரளான மக்கள்தொகை, கோட்டை ஆகிய நான்கும் கொலம்பஸுக்கு முன் ஒருசேர இருந்த இடம் மத்திய அமெரிக்கா என்பதால் அவர் அங்கே போனார். நூல் சொல்லும் ‘குறுகிய நிலக்கழுத்து’ அவருக்குத் தெற்கு மெக்சிகோவின் தெஹுவான்டபெக் நிலக்கழுத்து ஆனது. எஞ்சிய அமெரிக்கா முழுவதும் வேறு மக்கள் ஏற்கெனவே வாழ்ந்தார்கள் என்று ஒப்புக்கொண்டதன் மூலம், மொழிகளைப் பற்றி ராபர்ட்ஸை வாட்டிய கேள்விக்கும், பழங்குடி மரபணுக்கள் ஆசியாவைச் சுட்டுகின்றன என்று பின்னாளில் எழுந்த கேள்விக்கும் ஒரே பதிலை அவர் தயாரித்துக் கொடுத்தார்.

அதற்கு அவர் விட்டுக்கொடுத்தவையும் சிறியவை அல்ல. வட, தென் அமெரிக்கா முழுவதுமே மார்மன் நூலின் நிலம் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கிக்கப்பட்ட நம்பிக்கை போயிற்று. நியூயார்க் குமோராவும் போர்க்களம் என்ற தகுதியை இழந்தது. நேபியரின் வடக்கு உண்மையான வடக்கிலிருந்து ஏறத்தாழ 60 பாகை திரும்பியிருந்தது என்று கொண்டால்தான் வரைபடம் பொருந்துகிறது. நூல் ஒன்றரை நாள் பயணம் என்று சொல்லும் நிலக்கழுத்து தெஹுவான்டபெக்கில் சுமார் 200 கிலோமீட்டர் அகலம். ‘குதிரை’ என்பது மானையோ டேபிர் என்ற பன்றி போன்ற விலங்கையோ குறித்திருக்கலாம் என்ற விளக்கத்தைக் கேட்டு, சபைக்குள்ளேயே பலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் இவர்களிடம் நான் மதிக்கும் ஒன்று உண்டு: பொருந்தாதவற்றை இவர்களே எழுதிவைக்கிறார்கள், தங்களுக்குள்ளேயே மறுத்துக்கொள்கிறார்கள்.

ஹார்ட்லேண்ட் இயக்கம் கிளம்பியது இந்த விட்டுக்கொடுப்பின் மீதான கோபத்திலிருந்து. 2000-க்குப் பின்னான பத்தாண்டின் இறுதியில் ராட் மெல்ட்ரம் என்ற வணிகத் துறைக்காரர் காணொளி வட்டுகளாலும் மாநாடுகளாலும் இதைப் பரப்பினார். இவர்களின் வாதம் சாமானிய நம்பிக்கையாளருக்கு உடனே பிடிபடுவது. தீர்க்கதரிசி ஸ்மித் சொன்னதை எதற்கு வளைக்க வேண்டும்? 1834 ஜூனில் இல்லினாய் வழியாகப் படையோடு நடந்தபோது ஸ்மித் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ‘நேபியரின் சமவெளிகள்’ என்றே குறிப்பிடுகிறார். அதே பயணத்தில் ஒரு மேட்டில் கிடைத்த எலும்புக்கூட்டை ஜெல்ஃப் என்ற லாமானிய வீரனுடையது என்றார். அவருக்கு எழுத்தராக இருந்த ஆலிவர் கௌடரி 1835-இல் நியூயார்க் குன்றையே கடைசிப் போர்க்களம் என்று எழுதினார். 1830-இல் ‘லாமானியரிடம்’ அனுப்பப்பட்ட முதல் ஊழியர்கள் போனது அமெரிக்க எல்லைப்புறப் பழங்குடிகளிடம்தான். ஒஹாயோ, இல்லினாய் பகுதிகளில் பெரும் மண்மேடுகளை எழுப்பிய ஹோப்வெல் பண்பாடு கி.பி. 500 அளவில் மங்கிப்போனதும் நேபியர் அழிந்த காலத்துக்கு வெகு தொலைவில் இல்லை. ஸ்மித்தின் வாய்ச்சொல்லை மட்டும் தராசில் வைத்தால் தட்டு இவர்கள் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. (1842-இல் ஸ்மித் ஆசிரியராக இருந்த சபைப் பத்திரிகை மத்திய அமெரிக்க இடிபாடுகளை மார்மன் நூலோடு இணைத்து எழுதியது, அக்கட்டுரைகளை எழுதியது அவரா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை.)

சான்று என்று வரும்போதுதான் இவர்கள் சறுக்குகிறார்கள். ஓஜிப்வே போன்ற வடகிழக்குப் பழங்குடிகளிடம் காணப்படும் எக்ஸ் மரபணுத் தொகுதி மத்தியக் கிழக்கிலும் இருப்பதால், அது எருசலேமிலிருந்து வந்தது என்று மெல்ட்ரம் வாதிட்டார். அந்தத் தொகுதி அமெரிக்காவுக்கு வந்த காலம் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியது என்று மரபியலாளர்கள் சொன்னபோது, மரபணு மாற்றத்தைக் கொண்டு காலம் கணிக்கும் முறையையே அவர் ஏற்கவில்லை. ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த கென்விக் மனிதனின் மரபணு 2015-இல் வாசிக்கப்பட்டபோது, அவனிடம் இருந்தது அந்தத் தொகுதியின் அமெரிக்கக் கிளையே. அந்த எலும்புகளின் வயது கதிரியக்கக் கரிமத்தால் அளக்கப்பட்டது. ஏறத்தாழ 8,500 ஆண்டுகள். எருசலேமிலிருந்து லேகியின் குடும்பம் புறப்பட்டதாக நூல் சொல்லும் கி.மு. 600-க்கு அவன் பல ஆயிரம் ஆண்டுகள் மூத்தவன். அந்த வட்டத்தில் சிலர் மிச்சிகன் மாநிலத்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட தொல்பொருட்களையும் சான்றாகக் காட்டுவது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. அவை போலி என்று 1911-இலேயே ஆராய்ந்து அச்சிட்டுச் சொன்னவர் எந்த எதிரியும் அல்ல. ராபர்ட்ஸிடம் கேள்விப் பட்டியலை ஒப்படைத்த அதே அப்போஸ்தலர் டால்மேஜ்.

இவர்கள் விட்டுக்கொடுத்தது கல்வியுலகின் ஒப்புதலை மட்டும் அல்ல. ஸ்மித் ஒரு கல்லைத் தொப்பிக்குள் வைத்து அதைப் பார்த்தே மொழிபெயர்த்தார் என்பதைச் சபையின் வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்டு, 2015-இல் அந்தக் கல்லின் புகைப்படத்தையும் வெளியிட்டார்கள். ஹார்ட்லேண்ட் வட்டத்தில் முன்னணியில் இருப்போர் சிலர் இதை மறுத்து எழுதுகிறார்கள். தீர்க்கதரிசிக்கு மிக விசுவாசமானவர்கள் தாங்களே என்று தொடங்கிய இயக்கம், சபையே வெளியிட்ட வரலாற்றோடு மோதும் இடத்துக்கு வந்து நிற்கிறது.

மூன்றாம் தரப்பின் கதை உள்வீட்டுப் பிளவு. ஃபார்ம்ஸ் 1997-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 2006-இல் மேக்ஸ்வெல் நிறுவனம் என்று பெயர் மாறியது. அதன் மதிப்புரை இதழை 1989 முதல் நடத்திவந்தவர் டேனியல் பீட்டர்சன். எதிர்ப்பாளர்களின் நூல்களை வரிக்கு வரி மறுக்கும் கூர்மைக்கும், சில வேளைகளில் எழுதியவரையே தாக்கும் காரத்துக்கும் அந்த இதழ் பெயர் பெற்றிருந்தது. சபையை விமர்சிக்கும் ஒருவரைப் பற்றிய நீண்ட கட்டுரை அச்சுக்குக் காத்திருந்தபோது சர்ச்சை மூண்டது. 2012 ஜூனில், வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த பீட்டர்சனுக்கு ஆசிரியப் பொறுப்பு நீக்கப்பட்ட செய்தி மின்னஞ்சலில் வந்தது. 23 ஆண்டுகள் ஓர் இதழைச் சுமந்தவருக்கு விடைகொடுக்கும் முறை இதுவல்ல என்பது என் எண்ணம். இதழின் தொனி மாறியாக வேண்டும் என்று நிறுவனம் கருதியதிலும் நியாயம் இருந்தது. அவரும் நண்பர்களும் அதே ஆண்டு ஆகஸ்டில் இன்டர்ப்ரெட்டர் அறக்கட்டளையைத் தொடங்கி, வாரம் தவறாமல் கட்டுரை வெளியிடத் தொடங்கினார்கள். பழைய இதழோ, மார்மனியத்தை மற்ற மதங்களைப் போல ஆராயும் கல்விப்புலத்துக்கான ஏடாக மறுபிறவி எடுத்தது.

மேக்ஸ்வெல் நிறுவனம் காத்தது கல்வியுலகில் மார்மன் அறிஞருக்கான நாற்காலியை. பிற பல்கலைக்கழகங்களின் வரலாற்றாசிரியர்கள் இன்று மார்மன் அறிஞர்களோடு ஒரே மேசையில் உட்காருவதற்கு இவர்கள் செய்த பணி சிறிதல்ல. ஆனால் விலையாக, நூல் பண்டையதா என்ற கேள்வியை இவர்கள் பேச்சின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். நள்ளிரவில் ஐயம் பிடித்து உட்கார்ந்திருக்கும் 20 வயது உறுப்பினர் தேடுவது அந்தக் கேள்விக்கான விடையைத்தான். எனவே அவர் போய்ச் சேருவது வேறு வாசல்களில். 1997 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் ஃபேர் அமைப்பு கேள்வி-பதில் வடிவில் அவரை எதிர்கொள்கிறது. 2016-இல் வெல்ச் தொடங்கி, இப்போது ஸ்கிரிப்சர் சென்ட்ரல் என்று அழைக்கப்படும் அமைப்பு, சோரன்சன் வழி ஆய்வுகளைச் சிறு கட்டுரைகளாகவும் காணொளிகளாகவும் அவருக்குத் தருகிறது.

ஆக, செல்வாக்கு யாரிடம்? மேடைப் பரபரப்பிலும் குடும்பங்களைப் பேருந்தில் ஏற்றி மண்மேடுகளைக் காட்டும் ஆர்வத்திலும் ஹார்ட்லேண்ட் இயக்கத்துக்கு இணை இல்லை. ஆனால் சபையின் எழுத்தில் தடம் பதித்தவர்கள் சோரன்சன் வழியினர் என்பதே என் கணிப்பு. மார்மன் நூலின் பழைய முன்னுரை லாமானியரை அமெரிக்க இந்தியரின் ‘முதன்மையான மூதாதையர்’ என்றது. 2006-இல் வெளிவந்த ஒரு பதிப்பிலிருந்து அது ‘மூதாதையருள் அடங்குவர்’ என்று தளர்ந்தது. 2014-இல் சபை வெளியிட்ட மரபணுக் கட்டுரையும், வேறு மக்கள் முன்பே வாழ்ந்தார்கள் என்ற அதே தளத்தில் நிற்கிறது. இடம் எது என்பதில் மட்டும் தலைமை பிடிகொடுக்கவில்லை: 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், அமெரிக்கக் கண்டத்தில் நடந்தவை என்பதற்கு மேல் சபைக்கு நிலைப்பாடு இல்லை என்றும், ஒரு கருத்துக்குத் தீர்க்கதரிசிகளின் ஆதரவு இருப்பதாக யாரும் வாதிடக் கூடாது என்றும் அது சொன்னது. இந்த இரண்டாவது வரி யாருக்கு வலித்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மேக்ஸ்வெல் நிறுவனத்துக்கும் தலைமை தன் கருத்தைச் சொல்லிவிட்டது. 2018 நவம்பர் 10 அன்று அப்போஸ்தலர் ஜெஃப்ரி ஹாலண்ட் அங்கே உரையாற்றினார். அறிஞர்களைப் பாராட்டிய அதே உரையில், நம்பிக்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஆராயும் முறை இந்த நிறுவனத்துக்கு உரியதல்ல என்றும், சபையைக் காக்கும் கடமை அதற்கு உண்டு என்றும் அவர் உணர்த்தினார். 2012-இல் கதவுக்கு வெளியே போன பணி, ஆறு ஆண்டுகளில் அப்போஸ்தலர் ஒருவரின் சொல்லால் மீண்டும் அதே கதவைத் தட்டியது. பீட்டர்சனின் காரத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை. 1922-இல் ராபர்ட்ஸ் கேட்டதைப் போல, சிக்கல்களை மேசைமேல் வைத்துச் சேர்ந்து விடை தேடச் சொன்னாரா, அன்றைய தலைவர்களைப் போலச் சாட்சியம் சொல்லச் சொன்னாரா என்பதில், அந்த உரையைப் படித்த இரு தரப்பாரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.