கடன் அட்டை நிரம்பினால்: எல்லையைக் கூட்டுவதா, முந்திக் கட்டுவதா?

காலபோக விதைப்பு தொடங்கினால் வன்னியில் யார் கையிலும் காசு தங்காது. உழவுக்கூலி, விதைநெல், பசளை, டீசல் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். கிளிநொச்சியில் படிப்பிக்கும் என் தங்கச்சி போன காலபோகத்துக்கு 85,000 ரூபாவைக் கடன் அட்டையில் போட்டாள். அட்டையின் எல்லை 100,000. கடைசித் திகதிக்கு முன்பே முழுவதையும் கட்டிவிட்டாள், வட்டி ஒரு சதமும் இல்லை. "நான்தான் ஒழுங்காக் கட்டுறனே அண்ணா, பிறகென்ன?" என்று கேட்டாள்.

ஒழுங்காகக் கட்டுவது முதல் விஷயம், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் எல்லையில் எத்தனை வீதத்தைப் பாவித்திருக்கிறோம் என்பது தனிக் கணக்கு. ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்று கணிக்கும் அமெரிக்காவின் ஃபைகோ புள்ளியில் நேரத்துக்குக் கட்டிய வரலாற்றுக்கு 35 வீத எடை, நிலுவைத் தொகைகளுக்கு 30 வீத எடை. பாவனை எல்லையின் 30 வீதத்துக்குள் இருக்கட்டும் என்று அங்கே சொல்வது இதனால்தான். அந்த எண்களை நமது கிரிப் (இலங்கையின் கடன் தகவல் பணியகம்) புள்ளிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் கிரிப் அறிக்கையில் எல்லையும் நிலுவையும் பதிவாகின்றன. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அதிகாரி பார்ப்பது அந்த அறிக்கையைத்தான்.

சரி, அவளுக்கு முன்னால் இருந்த வழிகளைப் பார்ப்போம்.

எல்லையை 200,000 ஆக்கினால் அதே செலவு 42.5 வீதமாகிவிடும். கையிலிருந்து ஒரு சதம் போகாது. ஆனால் எல்லை கூடினால் செலவும் கூடும். கடன் கழுத்தை இறுக்கிய குடும்பங்களை இந்த மண்ணில் நிறையப் பார்த்துவிட்டோம். தன் கையைத் தானே கட்டத் தெரிந்தவருக்கு மட்டும் இது சரி.

100,000 எல்லையோடு இன்னொரு அட்டை எடுத்தாலும் மொத்தம் அதே 42.5 வீதம்தான். ஆனால் பழைய அட்டை தனியே 85 வீதத்தில் நிற்கும். ஃபைகோ மொத்தத்தையும் பார்க்கும், ஒவ்வோர் அட்டையையும் தனியே பார்க்கும். அதோடு புதிய விண்ணப்பமும் பதிவாகும். எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை.

நகையை ஈடு வைத்து அட்டை நிலுவையை இறக்குவோரும் உண்டு. வட்டியே இல்லாமல் கட்டி முடிக்கக்கூடிய தொகைக்கு ஈட்டு வட்டி கொடுப்பானேன்?

என் தெரிவு முந்திக் கட்டுவதுதான். வங்கிகள் கடன் பணியகத்துக்கு மாதம் ஒருமுறை விபரம் அனுப்புகின்றன. அந்த நேரத்தில் அட்டையில் நிற்கும் தொகைதான் பதிவில் ஏறும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அது பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் போடும் நாள். இங்கே எந்த நாள் என்று உங்கள் கிளையில் ஒருதரம் கேளுங்கள். தங்கச்சியின் சேமிப்புக் கணக்கில் காசு இருந்தது. கடைசித் திகதி வரட்டும் என்று அதை அங்கேயே வைத்திருந்தாள். வங்கி விபரம் அனுப்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் 60,000 கட்டியிருந்தால் பதிவில் 25,000 மட்டும் நின்றிருக்கும், அதாவது 25 வீதம். மிச்சத்தை வழக்கம்போலக் கடைசித் திகதிக்குள் கட்டலாம். புது எல்லையும் தேவையில்லை, புது அட்டையும் தேவையில்லை.

காசு உண்மையாகவே கையில் இல்லாதவர்கள் என்ன செய்வது? பதற வேண்டாம். ஃபைகோவின் பெரும்பாலான வடிவங்கள் அண்மையில் பதிவான நிலுவையைத்தான் பார்க்கின்றன. அறுவடைக் காசு வந்து அட்டையை இறக்கினால் அடுத்த பதிவிலேயே புள்ளி ஏறத் தொடங்கும். பிந்திக் கட்டியது அப்படியல்ல, அமெரிக்க அறிக்கையில் அது ஏழு வருடம் வரை கிடக்கும். ஆகவே வீதத்தைக் குறைக்கிறேன் என்று மற்றக் கடனின் தவணையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கடன் முடிந்த சந்தோஷத்தில் பழைய அட்டையை மூடிவிடாதீர்கள். அதன் எல்லையும் சேர்ந்து போய்விடும், மற்ற அட்டையில் நிலுவை இருந்தால் வீதம் ஏறும். ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் அது அலுமாரியிலேயே கிடக்கட்டும்.