தொட்ட காய்: பலகையில் செஸ், ஃபோனில் செஸ்

அக்காவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறார்கள். ஃபோனில் அவள் ஆடிய செஸ் ஆட்டங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. போன வருடம்தான் முதல்முறையாக ஒரு போட்டிக்குப் போய், மண்டபத்தில், பலகையில் ஆடினாள்.

மூன்றாவது சுற்றில் அவளுக்கு ஒரு கோட்டை குறைவு. ஆனாலும் ராணியால் விடாமல் செக் வைத்துக்கொண்டிருந்தாள், எதிராளியின் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. அதே நிலை மூன்று தடவை வந்தது. நாலாவது தடவையும் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதற்றத்தில் வேறு ஒரு கட்டத்திலிருந்து செக் வைக்கப்போய் ராணியைப் பறிகொடுத்துத் தோற்றாள். வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாமா, ஒரே நிலை மூண்டு தரம் வந்திட்டுது. பிறகேன் ட்ரோ ஆகேல்லை?"

அவள் வழக்கமாக ஆடும் செஸ்.கொம் தளத்தில் மூன்றாவது தடவை அதே நிலை வந்தவுடன் ஆட்டம் தானாகவே சமநிலையில் முடிந்துவிடும். பலகையில் நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த நகர்வோடு அந்த நிலை மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், காயைத் தொடாமல் அந்த நகர்வை ஸ்கோர் ஷீட்டில் (நகர்வுகளைக் குறித்துவைக்கும் தாளில்) எழுதி, நடுவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஐந்தாவது முறை வந்தால்தான் நடுவர் தாமாகத் தலையிடுவார். அவள் கை தூக்கியிருந்தால் அரைப் புள்ளி கிடைத்திருக்கும். அன்றைக்கு அவளைவிட எனக்குத்தான் கவலை அதிகம். பலகையும் திரையும் ஒன்றுதானே என்று நினைத்து, ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்காமல் அனுப்பியது நான்.

திரை நமக்காக எவ்வளவு வேலை செய்கிறது என்பது அதை விட்டு வெளியே வந்தால்தான் தெரிகிறது. காயை அழுத்தினால் அது போகக்கூடிய கட்டங்களில் புள்ளி வைக்கிறது. எதிராளி கடைசியாக நகர்த்தியதை நிறம் போட்டுக் காட்டுகிறது. விதிக்கு மாறான நகர்வை ஏற்பதே இல்லை. பலகையில் அப்படி நகர்த்தி, இருவரின் நேரத்தையும் கணக்கிடும் குளொக்கை அழுத்திவிட்டால், வழக்கமான நீண்ட ஆட்டத்தில் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது தடவை செய்தால் பெரும்பாலும் ஆட்டமே போய்விடும். ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் நகர்த்திக் கோட்டை கட்டும்போது ஒரே கையால், ராஜாவை முதலில் நகர்த்த வேண்டும். கோட்டையை முதலில் தொட்டுவிட்டால் கோட்டையை மட்டும்தான் நகர்த்தலாம். சிப்பாய் கடைசி வரிசையை அடைந்ததும் பக்கத்தில் ராணி இல்லையென்று கோட்டையைத் தலைகீழாக நிறுத்துவது நம் வீடுகளில் வழக்கம். போட்டியில் அது தலைகீழாக நிற்கும் கோட்டைதான், ராணி ஆகாது. குளொக்கை நிறுத்திவிட்டு நடுவரிடம் ராணி கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்லிக் கொடுத்து வராதது கை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி செஸ்ஸின் குணத்தையே மாற்றிவிடுகிறது. ஃபோனில் குதிரையை இழுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்ப அதே கட்டத்தில் விட்டுவிடலாம். விரல்தான் யோசிக்கிறது. பலகையில் விரல் குதிரையில் பட்டுவிட்டால் முடிந்தது, அதற்கு முன்னாலேயே தலைக்குள் எல்லாம் ஆடி முடித்திருக்க வேண்டும். மருமகள் போட்டி விதிப்படி பலகையில் ஆடுவதை முதல் தடவை பக்கத்திலிருந்து பார்த்தபோது கவனித்தேன். அவள் கை காய்களுக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தது. மந்திரிக்கு மேல் போகும், திரும்பும், சிப்பாய்க்கு மேல் நிற்கும். எதிரில் இருக்கும் பிள்ளை அந்தக் கையைப் பார்த்தே அவள் மனதில் ஓடுவதைப் படித்துவிடும். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு யோசி என்று அவளிடம் நான் சொன்னது அப்போதுதான்.

அப்புறம் கண். ஃபோனில் முழுப் பலகையும் உள்ளங்கைக்குள் தட்டையாக இருக்கும். போட்டிப் பலகையில் ஒரு கட்டமே ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் வரும். ராஜாவின் உயரம் ஏறக்குறைய 9.5 சென்ரிமீற்றர். எதிராளியின் கடைசி வரிசை நம்மிலிருந்து அரை மீற்றருக்கு அப்பால், மற்றக் காய்களுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும். அங்கே மூலையில் நிற்கும் மந்திரி குறுக்குக் கோட்டில் நம் கோட்டையைக் குறிவைத்திருப்பதைத் திரையில் பழகிய கண் தவறவிடுகிறது. இது திறமைக் குறைவு இல்லை, பழக்கம்தான். பலகையில் உட்கார உட்காரச் சரியாகிவிடும்.

இத்தனை சொன்னாலும் ஃபோனைத் தள்ளி வைக்க நான் தயாரில்லை. நான் பாடசாலையில் படித்த காலத்தில் எனக்கு இருந்த எதிராளிகள் இரண்டே பேர்: அப்பாவும் மேல் மாடி நண்பனும். நண்பனின் ஆட்டம் முழுவதும் எனக்குப் பாடம், என் ஆட்டம் அவனுக்குப் பாடம். இருவரும் வளரவில்லை. இன்றைக்கு ரியூஷன் முடிந்து காலி (Galle) வீதி நெரிசலில் ஊர்ந்து இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு, அதே தரத்தில் ஆடும் ஒருவர் ஐந்து விநாடியில் கிடைக்கிறார். ஆட்டம் முடிந்ததும் எங்கே பிழைவிட்டோம் என்று ஸ்டொக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருள் காட்டித் தருகிறது. லிச்செஸ் என்ற தளத்தில் இது எதற்கும் ஒரு ரூபாவும் இல்லை, விளம்பரமும் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது பிள்ளைகளுக்குச் செஸ் மிஞ்சியது இதனால்தான்.

ஆனால் கம்பியையும் மின்சாரத்தையும் நம்பித்தான் அது நிற்கிறது. அதே 2020 ஓகஸ்டில் நாடுகளின் அணிகள் மோதும் இணையவழிச் செஸ் ஒலிம்பியாட் இறுதிச் சுற்றில் இந்திய அணியின் இருவருக்கு இணைப்பு அறுந்து, நேரம் ஓடித் தோல்வி விழுந்தது. கடைசியில் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் தங்கத்தைப் பகிர்ந்து கொடுத்தார்கள். 2022 மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபோனில் சார்ஜ் இல்லாத அந்த இரவுகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் பலகையை விரித்தோம். மருமகள் குதிரை நகரும் விதத்தைக் கற்றது அந்த மேசையில்தான்.

ஏமாற்று பற்றி நீட்ட விரும்பவில்லை. மண்டபத்துக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது, திரைக்கு அப்பால் இருப்பவர் பக்கத்தில் இன்னொரு ஃபோனை வைத்திருந்தால் நமக்குத் தெரியாது. தளங்கள் கண்டுபிடித்துத் தடை செய்கின்றன. ஆனாலும் ஒரு பிள்ளை தோற்றவுடன் "அவன் கள்ள ஆட்டம்" என்று சொல்லப் பழகிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

எதிரில் ஒரு மனிதர் இருப்பதற்கு ஈடு கிடையாது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். 55ஆவது நகர்வில் நடப்புச் சம்பியன் டிங் லிரன் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். எதிரில் ஆடிய இந்தியாவின் குகேஷ் அதைக் கண்டுகொண்ட கணத்தில் முகம் மாறியதை நேரலையில் எல்லோரும் பார்த்தோம். டிங்கும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். தன் பிழையை எதிராளியின் முகத்தில் படித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டிய அந்த நிமிடத்தை எந்தத் தளமும் பழக்கித் தராது. ஃபோனில் தோற்றால் 'புதிய ஆட்டம்' என்ற பொத்தான் உடனே வருகிறது. பலகையில் தோற்றால் கை கொடுத்து, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

ஆகவே என் கணக்கு இது. வேலை முடிந்து ஓர் ஆட்டம் ஆடி மகிழ நினைப்பவருக்கு ஃபோன் தாராளமாகப் போதும். ஒரு நிமிட ஆட்டத்தை விட்டுவிட்டுப் பத்து நிமிடமாவது ஆடுங்கள். போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு ஃபோனில் புதிர்களும் ஆட்ட ஆய்வும். நீண்ட ஆட்டம் பலகையில், குளொக்கோடு, எழுதிக்கொண்டு, கிழமைக்கு இரண்டு ஆட்டமாவது. எதிராளி கிடைக்காவிட்டால் ஃபோனில் நேரம் கூடிய ஆட்டத்தைத் தொடங்கி, அதையே பக்கத்தில் மரப்பலகையில் வைத்து, அதைப் பார்த்து யோசித்துவிட்டு ஃபோனில் நகர்த்தலாம். ஒன்றைத்தான் தரலாம் என்றால், நான் பலகையைத்தான் தருவேன்.

இப்போது ஞாயிறு பின்னேரங்களிலும் போயா (பௌர்ணமி) விடுமுறைகளிலும் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஆட்டம் நடக்கிறது. போன கிழமை அவள் குதிரையை எடுக்க நினைத்து மந்திரியைத் தொட்டுவிட்டாள். நான் என் ஸ்கோர் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. "தொட்டிட்டன் மாமா" என்று அவளே சொன்னாள். அந்த மந்திரிக்கு நல்ல கட்டம் ஒன்றுகூட இல்லை. நாலு நிமிடம் யோசித்து இருப்பதில் குறைந்த சேதமான இடத்தில் வைத்து, குளொக்கை அழுத்தினாள்.