இன்ஜின் எப்போது பிறந்தது? நான்கு சாட்சிகள், ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் கிட் கார், அதாவது பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டும் கார், கட்டுகிறவர்களுக்கு வெல்டிங்கும் வயரிங்கும் தராத தலைவலியை ஒரே ஒரு தேதி தந்துவிடும். வீட்டு ஷெட்டில் கட்டி முடித்த காரைப் பதிவு செய்வதற்கு முன் ஐவிஏ என்ற ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். பழைய எஸ்விஏ முறையின் இடத்தில் 2009-இல் வந்தது இது. மற்ற அம்சங்களில் காரைப் புது வண்டியாகப் பார்க்கும் இந்தச் சோதனை, புகை விஷயத்தில் மட்டும் உள்ளே இருக்கும் இன்ஜினின் வயதைக் கேட்கிறது. கார் நேற்றுப் பிறந்தது, இன்ஜினுக்கு நாற்பது வயது என்றால், நாற்பது வயதுக்குரிய சலுகை உண்டு. ஆனால் வயதை நிரூபிக்க வேண்டியது காரைக் கொண்டுபோகிறவர். முடியாவிட்டால் இன்றைய காரை அளப்பது போலவே அளப்பார்கள்.

சலுகை எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்தச் சாட்சியைத் தேடுவது என்று புரியும். எம்ஓடி எனும் ஆண்டுச் சோதனையின் படிகள்தான் இங்கும். 1975 ஆகஸ்டுக்கு முந்தைய பெட்ரோல் இன்ஜின் என்றால் புகையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அதிலிருந்து 1986 ஜூலை வரை கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1200 பிபிஎம். அதற்குப் பின் 3.5 சதவீதம். 1992 ஆகஸ்டில் தொடங்கி 1995 ஆகஸ்டுக்குள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் காலம் முழுதாக வந்துவிடுகிறது. அங்கே, ஆக்சிலரேட்டரை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு மேல் பிடித்து அளக்கும்போது, 0.2 சதவீதம், 200 பிபிஎம், காற்றும் பெட்ரோலும் கலந்த அளவைக் காட்டும் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையில். 4.5-லிருந்து 3.5 ஒரு படி. 3.5-லிருந்து 0.2 படியல்ல, கிணறு.

கிட் கார்க்காரர்கள் பலர் இதைக் கவனிக்காமல் அலைகிறார்கள் என்பது என் எண்ணம். இன்ஜினின் சரியான பிறந்த தேதி யாருக்கும் வேண்டாம். எந்தக் கோட்டுக்கு முன்னால் பிறந்தது என்பதுதான் வேண்டும். ஒழுங்காக டியூன் செய்த கார்புரேட்டர் இன்ஜின் 3.5 வரம்புக்குள் சிரமமில்லாமல் தேறும். 1975 கோட்டுக்காக மல்லுக்கட்ட வேண்டியது, வால்வுகளைத் திறக்கும் கேமை ரேஸுக்கு ஏற்றதாகப் போட்டு, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) குலுங்குகிற இன்ஜின் வைத்திருப்பவர் மட்டுமே. அப்படிப்பட்ட கேம், பெட்ரோலை எரிக்காமலே வெளியே தள்ளி ஹைட்ரோகார்பனை ஏற்றிவிடும். அதிலிருந்து தப்பிக்கவும் ஒரு வழி உண்டு: ஐடிலில் ஹைட்ரோகார்பன் மட்டும் மிஞ்சினால், எம்ஓடி முறையில் சுமார் 2000 சுற்றுக்கு ஏற்றி மறுபடி பார்க்க இடம் இருக்கிறது.

சரி, சாட்சிகளுக்கு வருவோம். முதல் சாட்சி, இன்ஜின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அந்த டோனர் காரின் வி5சி. நம்மூர் ஆர்சி புக் போன்றது. முதல் பதிவுத் தேதியும் இன்ஜின் எண்ணும் ஒரே தாளில் இருக்கும். அந்த எண், இன்ஜினின் உடலான பிளாக்கில் உள்ளதோடு ஒத்துப்போனால் பேச்சுக்கே இடமில்லை. கார் பதிவான நாளில் இன்ஜின் அதற்குள் இருந்தது, ஆகவே அதற்கு முன் செய்யப்பட்டது. மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஒரு முழுக் காரை வாங்கி அக்கக்காகப் பிரிக்கிறவருக்கு இதைவிட மலிவான சான்று கிடையாது.

பலவீனம் இரண்டு. இருபது வருடங்களில் யாரோ இன்ஜினை மாற்றிவிட்டுத் தாளைத் திருத்தாமல் விட்டிருக்கலாம். அப்போது இந்தச் சாட்சி உங்களுக்கு எதிராகவே திரும்பும். இன்னொன்று, மிச்சக் கூட்டைப் பழைய இரும்புக்குப் போடும்போது தாளும் சேர்ந்து போய்விடுகிறது. கார் போவதற்கு முன் நகல் எடுக்காதவர்கள் பிறகு எவ்வளவு தேடினாலும் பயனில்லை.

இரண்டாவது, தயாரிப்பாளர் அல்லது ஆவணக் காப்பகத்தின் கடிதம். எம்ஜி, டிரையம்ஃப், ரோவர் போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. மேசையில் வைத்தால் கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்த ஏடுகள் காரின் கதையைச் சொல்பவை. சேசி எண் கையில் இருந்தால் அதில் ஏறிய இன்ஜின் எண்ணும் வரும். தாய் தகப்பன் தெரியாத தனி இன்ஜினோடு போனால் பெரிதாக உதவாது. கட்டணமும் காத்திருப்பும் வேறு. வி5சி இல்லை, சேசி எண் மட்டும் இருக்கிறது என்கிறவருக்குத்தான் இதைச் சொல்வேன்.

மூன்றாவது சாட்சி இரும்பு. எனக்குப் பிடித்ததும் இதுதான். ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் வி8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்கை வார்க்கும்போதே பின்பக்க விளிம்பில் வார்ப்பு எண்ணும் தேதியும் எழும்பி நிற்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். பிறகு நாள். பிறகு ஆண்டின் கடைசி இலக்கம், பெரும்பாலும் அது ஒன்று மட்டும். இங்கேதான் வேடிக்கை. ‘சி 14 9’ என்றால் மார்ச் 14, சரி. ஆண்டு 1969-ஆ, 1979-ஆ? 3970010 என்ற புகழ்பெற்ற பிளாக் அந்தப் பத்தாண்டு முழுக்க வார்க்கப்பட்டது. 1975 கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது.

முடிச்சை அவிழ்க்க முன்பக்கம் வர வேண்டும். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு சின்னத் திட்டு இருக்கும். அதில் இன்ஜினைப் பூட்டிய ஆலை, மாதம், நாள், கடைசியில் ஓர் எழுத்துக் குறி. 1969 மாடல் வரை அந்தக் குறி இரண்டு எழுத்து, 1970 மாடலிலிருந்து மூன்று. ஆக, ‘சி 14 9’ என்ற வார்ப்புத் தேதியோடு இரண்டெழுத்துக் குறி இருந்தால் அது அறுபதுகளின் குழந்தை.

ஆனால் ஹெட்டு உட்காரும் முகத்தைப் பட்டறையில் ஒரு தடவை வழித்திருந்தால் அந்தத் திட்டும் சேர்ந்து வழிக்கப்பட்டிருக்கும். பின்பக்க வார்ப்புத் தேதி மட்டும் மிஞ்சும். அதனால் குடி முழுகிவிடாது. ஒன்பதை எழுபத்தொன்பது என்றே வைத்துக்கொண்டாலும் கிணற்றுக்கு 13 வருடம் முன்னால்தான் நிற்கிறோம்.

இரும்புக்கு வாய் கிடையாது என்பதுதான் குறை. குறியீட்டைப் படித்துச் சொல்ல அந்த மாடலின் ஓனர்ஸ் கிளப் அல்லது அந்த இன்ஜினில் பேர் எடுத்த நிபுணரின் கடிதம் கூட வேண்டும், போட்டோவோடு. ஏற்பதும் மறுப்பதும் பரிசோதிக்கும் தரப்பின் முடிவு. விண்ணப்பத்தோடே அனுப்பிப் பதில் வாங்கிவிடுங்கள். சோதனை நாளன்று பையிலிருந்து எடுப்பது வம்பு. ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டிக் மூடிகளில் கடிகார முகம் போல மாதமும் வருடமும் காட்டும் வட்டம் இருக்கும். கழற்றி மாட்டக்கூடிய எதுவும் சாட்சி ஆகாது.

நான்காவது வழி, சாட்சியே வேண்டாம் என்று விடுவது. கம்ப்யூட்டர் இன்ஜெக்‌ஷன், ஆக்சிஜன் சென்சார், கன்வெர்ட்டர் மூன்றையும் போட்டு 0.2 வரம்புக்குள் நேரடியாகத் தேறுவது. செலவு இதில்தான் அதிகம். கார்புரேட்டரோடு இதை முயல்வது வீண்; லாம்டாவை அந்த இடுக்குக்குள் நிறுத்திவைக்க சென்சார் சொல்வதைக் கேட்டுக் கலவையைத் திருத்தும் இன்ஜெக்‌ஷன் வேண்டும்.

ஃபோர்டின் சில்வர் டாப் ஜெட்டெக் விஷயத்தில்தான் இந்த நான்கும் நேருக்கு நேர் மோதுகின்றன. 1992-இல் வந்து 1998 வாக்கில் பிளாக் டாப்புக்கு இடம் விட்ட இன்ஜின். 1995 கோடு அதன் வயிற்றுக்குக் குறுக்கே போகிறது. பார்வையில் 1994-உம் 1997-உம் ஒன்றுதான். பழைய இரும்புக் கடையில் தாள் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, இரட்டை கார்புரேட்டர் போடத் திட்டமிடுகிறவர் தெரிந்தே சூதாடுகிறார். பத்து நோட்டு கூடக் கொடுத்தாவது வி5சி நகலோடு வருகிற ஜெட்டெக்கை வாங்கலாம். இல்லையென்றால் முதல் நாளே கன்வெர்ட்டருக்கு இடம் ஒதுக்கி எக்ஸாஸ்ட்டை வளைக்கலாம். பிளாக் டாப்பில் இந்தக் குழப்பமே இல்லை, அது கிணற்றுக்கு அந்தப் பக்கம்.

ரோவர் வி8 வைத்திருப்பவர் வேறு தவறு செய்வார்: ‘இது அறுபதுகளின் இன்ஜின்தானே’ என்பார். அந்த வடிவமைப்பு 1967-இல் ரோவர் கார்களில் வந்தது உண்மை, ஆனால் அந்தக் குடும்பம் இரண்டாயிரத்துக்குப் பின்னும் பெற்றுக்கொண்டே இருந்தது. வடிவமைப்பின் வயதுக்குச் சலுகை கிடையாது. அவர் பார்க்க வேண்டியது பிளாக்கின் எண் எந்தக் காருக்குரிய எழுத்துகளோடு தொடங்குகிறது என்பதை. 1976 முதல் 1986 வரை வந்த எஸ்டி1-லிருந்து எடுத்தது என்று நிரூபித்துவிட்டால் கவலை தீர்ந்தது.

எந்தச் சாட்சியை நம்பினாலும், கியர்பாக்ஸைப் பூட்டுவதற்கு முன் இன்ஜினை ஸ்டாண்டில் நிறுத்தி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்களைப் பளிச்சென்று படம் எடுத்து வையுங்கள். ஷெவ்ரலேயின் அந்தப் பின்விளிம்புத் தேதி, இன்ஜின் காருக்குள் இறங்கிய பிறகு தடுப்புத் தகட்டை உரசிக்கொண்டு நிற்கும். பிறகு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் குனிந்து கிடந்தாலும் அது மூன்றா எட்டா என்று தெரியாது.