பிரேக் சத்தமும் மீட்டர் விளக்கும்: பிக்கப்பை யாரிடம் காட்டுவது?

ஆத்தங்குடிக் கல் ஏற்றுகிற பிக்கப்புகளும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து பழைய தேக்குக் கதவும் தூணும் ஏற்றிப் போகிறவையும் பிரேக்கில் ஏதாவது ஒரு சத்தத்தோடுதான் ஓடுகின்றன. எடை ஒரு பக்கம், செம்மண் புழுதி மறுபக்கம். சத்தம் வந்தால் எங்கள் பக்கம் வழி மூன்று: ஊர்ப் பட்டறை, கம்பெனி சர்வீஸ் சென்டர், வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்ல, கைபேசியோடு புளூடூத்தில் இணைகிற சின்ன ஸ்கேனர். சத்தம் என்றால் பட்டறை, மீட்டரில் மஞ்சள் விளக்கு என்றால் சர்வீஸ் சென்டர் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சத்தம். மெல்லிய கீச்சொலி என்றால் பேட் (பிரேக் கட்டை) தேய்ந்து, அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டில் உரசுகிறது என்று கொள்ளலாம்; புழுதியாகவும் இருக்கலாம். கரகரவென்று இரும்பும் இரும்பும் அரைத்தால் பேடில் உரசித் தேயும் பகுதியான லைனிங் தீர்ந்துவிட்டது. டிஸ்க்கும் சேர்ந்து போகிறது. பிரேக்கைத் தொடாமலே உறுமி, வண்டியை வளைக்கும்போது உறுமல் கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங். பேட் மாற்றிப் பயனில்லை. ஐப்பசி மழையில் இரவெல்லாம் நனைந்த வண்டி காலையில் உரசினால் டிஸ்க்கில் படிந்த துரு. நாலு பிரேக்கில் போய்விடும், யாரிடமும் காட்ட வேண்டாம்.

இந்தப் பிக்கப்புகளில் பலவற்றுக்கும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் (உள்ளேயிருந்து உரசி நிறுத்தும் உருளை). பின் அச்சில் சுமைக்கேற்ப பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல மாடல்களில் உண்டு. வெறும் வண்டியில் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. லோடு ஏறினால் அதுவும் முழுதாக உழைக்கும். அதனால் லோடோடு மட்டும் வருகிற சத்தத்துக்கு முதலில் பின் டிரம்மைத்தான் பார்க்க வேண்டும். சர்வீஸ் சென்டர் இடறுவது இங்கேதான். வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "சத்தம் ஒன்றும் இல்லையே சார்" என்பார்கள். பட்டறை அண்ணன் கல் ஏற்றிய வண்டியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து வருவார். திரும்பி வந்ததும் ஜாக்கி போட்டு டிரம்மைக் கழற்றிக் கையில் காட்டுவார்.

பட்டறையிலும் இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. பேடை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டுவது; சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், அவ்வளவுதான். டிரம்முக்குள் காற்றடித்துப் புழுதி பறக்கவிடுவது அடுத்தது. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடைக்கச் சொல்லுங்கள். பேட் லைனிங் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

சரி, விளக்குக்கு வருவோம். சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் அடுத்தது பிரேக் ஆயில் டப்பா. பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், ஆயில் மட்டம் இறங்கும். அதனால் ஆயிலை மட்டும் நிரப்பி விளக்கை அணைப்பவரிடம் கவனமாக இருங்கள். பேட் தீர்ந்ததையோ எங்காவது கசிவதையோ அது மறைத்துவிடும். பெடல் அமுங்கிக் கீழே போனால் பட்டறையா கம்பெனியா என்ற கேள்வியே வேண்டாம். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும், ஆள் அங்கே வரட்டும்.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதிதான் போயிருக்கும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் முன்னும் பின்னும் அழுத்தம் பகிர்கிற ஏற்பாடும் போயிருக்க வாய்ப்புண்டு. வெறும் பிக்கப்பில் பின்பக்கம் லேசு, திடீர் பிரேக்கில் பின் சக்கரம் சறுக்கிவிடும். இதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. மலிவான புளூடூத் ஸ்கேனரும் பெரும்பாலும் கைகொடுக்காது. அது பி (P) எழுத்தில் தொடங்கும் எஞ்சின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும். ஏபிஎஸ் குறியீடுகள் சி (C) எழுத்தில் தொடங்குபவை. சர்வீஸ் சென்டர் கருவி அவற்றையும் படிக்கும். உதாரணமாக சி0035 என்றால் இடது முன் சக்கர வேக சென்சார் பக்கம் கோளாறு. உடனே சென்சார் மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஒயர் அறுந்ததா, கனெக்டரில் தண்ணீரா, சென்சார் முனையில் மண் ஒட்டியதா என்று பார்த்த பிறகு போதும். அந்தத் துடைப்பு வேலைக்குப் பட்டறையே போதும். ஏபிஎஸ் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் சர்வீஸ் சென்டர் வரை போகவும் வேண்டாம். வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் மட்டும் பேச்சே இல்லை, கம்பெனிதான்.

பிரேக் ஆயில் விஷயத்தில் கம்பெனிக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். பட்டறையில் பாதி தீர்ந்த, மூடி திறந்த டப்பா அலமாரியில் கிடக்கும். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். நம் சமதரையில் இது பெரிதாகத் தெரியாது. மலைப்பாதையில் பிரேக் அதிகம் சூடேறும், அதனால் கொடைக்கானலுக்குக் கல் லோடு ஏற்றிப் போகிறவர்கள் கண் முன்னால் சீல் உடைத்து ஊற்றச் சொல்ல வேண்டும்.