அகாடமிக்குப் பணம் போடுபவர் எதற்காகப் போடுகிறார்? 7 ஆண்டு அனுபவத்தில் ஒரு பெற்றோரின் மதிப்புரை

எங்கள் மகன் 9 வயதில் ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப்பின் இளையோர் அகாடமியில் சேர்ந்தான். 16 வயதில் அங்கிருந்து விடுவிக்கப்பட்டான். இடைப்பட்ட 7 ஆண்டுகளில் அந்த அகாடமி எங்களுக்கு என்ன தந்தது, எதைத் தரத் தவறியது என்பதை இங்கே எழுதுகிறேன். கிளப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்ல வந்த விஷயம் அந்த ஒரு கிளப்போடு முடிந்துவிடுவதும் இல்லை. பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர் மைதானத்தின் புல்லையும் பயிற்சியாளரின் தகுதிச் சான்றிதழையும் பார்ப்பார்கள். நாங்களும் அவற்றைத்தான் பார்த்தோம். அந்தப் புல்லுக்குப் பணம் போடுகிறவர் எதற்காகப் போடுகிறார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் மகனின் நான்காம் ஆண்டில் கிளப் கைமாறியது. அதனால் ஒரே கட்டடத்தில், பெரும்பாலும் அதே பயிற்சியாளர்களைக் கொண்டு, இரண்டு வேறு நோக்கங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை நேரில் பார்க்க முடிந்தது.

பயிற்சியில் குறை சொல்ல எதுவுமில்லை. வாரத்தில் மூன்று மாலை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கட்டணம் என்று எதுவும் வாங்கவில்லை. 11 வயதுப் பிரிவில் இருந்த பயிற்சியாளர் ஒருவர், பந்து காலுக்கு வந்து சேர்வதற்குள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை ஒரு பருவம் முழுவதும் சலிக்காமல் ஊட்டினார். பையன் பந்தை வாங்கிய மறுகணமே ஆட்டத்தை நிறுத்தி, "பின்னால் எத்தனை சட்டை, என்ன நிறம்?" என்று கேட்பார். விடை தவறினால் திட்டமாட்டார்; மறுபடியும் பந்தை அனுப்பச் சொல்வார். என் மகனின் ஆட்டத்தில் இன்றும் நிலைத்திருக்கும் நல்ல பழக்கம் அது. அந்த ஒரு பயிற்சியாளருக்காகவே இந்தச் சேவைக்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருவேன்.

நோக்கம் என்ற விஷயத்தை எனக்கு முதலில் உணர்த்தியது வரவேற்பறையின் சுவர். பழைய உரிமையாளரின் காலத்தில் அங்கே அகாடமியில் வளர்ந்து சீனியர் அணிக்குப் போனவர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் அறிமுக ஆட்டத்தின் தேதியும் எதிரணியின் பெயரும் இருக்கும். கிளப்பை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கிய அடுத்த பருவத்தில் அந்தச் சுவர் புதுப்பிக்கப்பட்டது. முகங்களில் சில அதே முகங்கள்தாம். கீழே இருந்த எழுத்துகள் மாறியிருந்தன. அறிமுக ஆட்டத்தின் தேதி இருந்த இடத்தில், அந்த வீரரை எந்தக் கிளப் வாங்கியது என்று அச்சிட்டிருந்தார்கள்.

பழைய உரிமையாளர் அந்தப் பகுதியிலேயே தொழில் செய்து வளர்ந்தவர். தம் ஊர்ப் பையன்கள் தம் கிளப்பின் சட்டையை அணிந்து ஆடவேண்டும் என்ற பெருமிதமே அவரை இயக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கால்பந்து வரலாற்றில் இப்படிப்பட்டவர்கள் புதியவர்கள் அல்லர். 1931-இன் இறுதியில், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த மான்செஸ்டர் யுனைடெட்டைக் கைகொடுத்துக் காப்பாற்றியவர் சீருடை தயாரிப்புத் தொழிலதிபரான ஜேம்ஸ் கிப்சன். அவரும் கிளப்பின் செயலாளர் வால்டர் கிரிக்மரும் 1938-இல் இளையோருக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிக்கொண்டே இருக்கப் பணம் போதாது என்ற கணக்கும், உள்ளூர்ப் பிள்ளைகளே அணியாக வேண்டும் என்ற ஆசையும் அந்த முடிவில் ஒன்றுசேர்ந்திருந்தன. 1937 அக்டோபர் முதல் அந்தக் கிளப்பின் ஒவ்வோர் ஆட்டத்துக்கான அணிப் பட்டியலிலும் அங்கேயே வளர்ந்த ஒருவராவது இடம்பெற்று வருகிறார். தனி உரிமையாளரே இல்லாமல் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப்புகளில் இந்த நோக்கம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையிலுள்ள பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ளவர்களை மட்டுமே களமிறக்கும் அத்லெட்டிக் பில்பாவோவுக்கு லெசாமா பயிற்சி மையம்தான் உயிர்நாடி. பார்சிலோனாவின் லா மாசியா அகாடமி 1979-இல் இளையோர் தங்குமிடமாகத் தொடங்கப்பட்டது. 2010-இல், உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதின் இறுதிப் பட்டியலில் இருந்த மெஸ்ஸி, இனியெஸ்டா, ஷாவி மூவரும் அங்கு வளர்ந்தவர்கள்.

புதிய உரிமையாளர்களின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள நான் கிளப்புகளின் கணக்குமுறையைப் படிக்க வேண்டியிருந்தது. பெற்றோர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கிளப் வெளியிலிருந்து ஒருவரை 5 கோடிக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், அந்தச் செலவு ஆண்டுக்கு 1 கோடியாகப் பிரித்து எழுதப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவரை 4 கோடிக்கு விற்றால், ஏட்டில் அவருடைய மதிப்பு இன்னும் 3 கோடியாக இருப்பதால், லாபம் 1 கோடி மட்டுமே. அகாடமியில் வளர்ந்தவரை அதே 4 கோடிக்கு விற்றாலோ, ஏட்டில் அவருடைய மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம் என்பதால், தொகை முழுவதும் அந்த ஆண்டின் லாபமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, கிளப்புகள் வரவுக்கு மீறிச் செலவழிப்பதைத் தடுக்க 2010-களில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ கொண்டுவந்த விதிகள், இளையோர் பயிற்சிக்கு ஆகும் செலவை நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. அதாவது, உரிமையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பலன் வரும்போது முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். 2023 கோடையில் இங்கிலாந்தின் செல்சி கிளப், சிறுவயதிலிருந்தே தன்னிடம் வளர்ந்த மேசன் மவுண்ட்டை 5.5 கோடி பவுண்டு அடிப்படைத் தொகைக்கும், மான்செஸ்டர் சிட்டி தன் அகாடமியில் வளர்ந்த கோல் பாமரை 4 கோடி பவுண்டு அடிப்படைத் தொகைக்கும் விற்றதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால்தான் முழுதாக விளங்கும். சொந்தப் பிள்ளையை விற்பதே அதிக லாபம் என்று ஒரு விதிமுறை சொல்லும்போது, அந்த விதிமுறையிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் கருத்து.

அதற்காக, விற்கும் நோக்கம் பிள்ளைக்கு எப்போதும் தீங்கானது என்று நான் சொல்லமாட்டேன். 2006-இல் திறந்த செய்ஷால் மையத்தில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப் இளைஞர்களை வளர்ப்பதே விற்பதற்காகத்தான் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் விற்கவேண்டுமானால் வாங்குபவர் கண்ணில் படவேண்டும். கண்ணில் படவேண்டுமானால் சீனியர் அணியில் ஆடவைக்கவேண்டும். ஜுவாவோ ஃபெலிக்ஸ் ஒரு பருவம் பென்ஃபிகாவின் சீனியர் அணியில் ஆடிய பிறகுதான், 19 வயதில், 12.6 கோடி யூரோவுக்கு அத்லெட்டிகோ மாட்ரிட் அவரை வாங்கியது. கானாவில் 1999-இல் தொடங்கிய ரைட் டு டிரீம் அகாடமி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், தன் பிள்ளைகள் ஆடுவதற்கென்றே டென்மார்க்கின் நோர்ஷெலன் கிளப்பை வாங்கியது; முகமது குதூஸ் அங்கே ஆடித்தான் 2020-இல் நெதர்லாந்தின் ஐயாக்ஸ் கிளப்புக்குப் போனார். இப்படிப்பட்ட இடங்களில் உரிமையாளரின் லாபமும் பிள்ளையின் ஆட்ட நேரமும் ஒரே திசையில் போகின்றன.

எனக்குக் கவலை தருவது சேர்த்துக் குவிக்கும் நோக்கம். செல்சியின் இளையோர் அணி 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து முறை, இங்கிலாந்தின் இளையோர் போட்டியான எஃப்ஏ யூத் கோப்பையை வென்றது. அந்தத் தலைமுறையில் பெரும்பாலோருக்கு வாய்த்தது கடனாகப் பிற கிளப்புகளுக்கு அனுப்பப்படும் வாழ்க்கைதான். வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல் இருந்ததாகக் கூறி 2019-இல் ஃபிஃபா புதிய ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்யத் தடை விதித்த பிறகே மவுண்ட், ரீஸ் ஜேம்ஸ், டாமி ஏப்ரஹாம் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது. அடுத்த இரண்டாவது ஆண்டில், 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் ஒரே கோலுக்கு வழிவகுத்த பாஸைக் கொடுத்தவர் அதே மவுண்ட். பையன்கள் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள். வாங்குவதற்கு வழியில்லாமல் போன பிறகுதான் உரிமையாளரின் கண்ணுக்கு அவர்கள் தெரிந்தார்கள்.

விதி இருப்பதால் மட்டும் அகாடமி நடத்துகிறவர்களும் உண்டு. யூஈஎஃப்ஏ போட்டிகளுக்கான 25 பேர் பட்டியலில் 8 பேர் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்பதற்காக ஆட்களை எண்ணி வளர்ப்பவர்கள் இவர்கள். இவர்களைவிட, நடத்தமுடியாது என்று வெளிப்படையாகச் சொல்லி மூடியவர்களை நான் மதிக்கிறேன். 2016-இல் லண்டனின் பிரென்ட்ஃபோர்டு கிளப் தன் அகாடமியை மூடியபோது, வளர்த்த பையன்களை 16 வயதுவாக்கில் பெரிய கிளப்புகள் சிறு தொகை கொடுத்து அழைத்துப் போய்விடுகின்றன என்பதைக் காரணமாகச் சொன்னது. அங்கிருந்த பெற்றோருக்கு அது பெரிய வேதனைதான். ஆனாலும் எட்டு ஆண்டுகள் காத்திருந்து அதே செய்தியைக் கேட்பதைவிட அது மேல். பின்னர் பிரீமியர் லீகுக்கு உயர்ந்த பிறகு, 2022-இல் அந்தக் கிளப் அகாடமியை மீண்டும் தொடங்கியது.

எங்கள் அகாடமியில் நோக்கம் மாறியது 14 வயதுப் பிரிவில் வெளிப்பட்டது. பழைய நாட்களில் பருவத்துக்கு இருமுறை பயிற்சியாளர் தம் கையால் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு வீட்டுக்கு வரும். ஒரு முறை அதில், "இடது காலை நம்பத் தொடங்கியிருக்கிறான்" என்று எழுதியிருந்தார். புதியவர்கள் வந்த பிறகு ஒவ்வோர் ஆட்டமும் உயரத்திலிருந்து படம்பிடிக்கப்பட்டது, சத்துணவு நிபுணர் வந்தார், உடற்பயிற்சிக் கூடம் இருமடங்கானது. இவற்றுக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் குறிப்பு, அச்சிட்ட வரைபடமாகிவிட்டது. வெளியூர்களிலிருந்து ஏற்கெனவே வளர்ந்து நின்ற பையன்கள் வந்து சேர்ந்தார்கள். உடல் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கான பொறுமை குறைந்தது. விடுவிக்கும் செய்தியைச் சொன்ன சந்திப்பு பத்து நிமிடத்தில் முடிந்தது. இனி எங்கே போகலாம் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. வெளியே காரருகே நின்றிருந்தபோது, சட்டையின் நிறத்தைக் கேட்ட அந்தப் பயிற்சியாளர்தான் ஓடிவந்து, வேறு இரண்டு கிளப்புகளின் எண்களைத் தாளில் எழுதி மகனின் கையில் கொடுத்தார். அது அவருடைய வேலையில் சேர்ந்ததில்லை. அகாடமியின் வேலையில் சேர்ந்திருக்கவேண்டும். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறையாக இதைத்தான் பதிவுசெய்கிறேன்.

சேரும் முன் நாங்கள் கேட்டிருக்கவேண்டியவை இவை: கடந்த மூன்று பருவங்களில் இங்கு வளர்ந்தவர்கள் சீனியர் அணியில் எத்தனை நிமிடம் ஆடினார்கள்? 16 வயதுக்குப் பிறகு யாரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பவர் யார், அவர் உரிமையாளருக்கு எதைக் கணக்குக் காட்டவேண்டும்? விடுவிக்கப்பட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

சென்ற மாதம் எங்கள் இளைய மகளுக்காக வேறொரு கிளப்பின் அகாடமிக்குப் போயிருந்தோம். மைதானம் பழையதைவிடச் சிறியது. செயற்கைப் புல் ஓரத்தில் தேய்ந்திருந்தது. மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் அகாடமியின் மேலாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பினை எடுத்துத் தந்தார். ஐந்து ஆண்டுகளில் விடுவிக்கப்பட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: ஒருவர் கல்லூரியில், ஒருவர் கீழ்நிலை லீகில், ஒருவர் இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) படிக்கிறார். சில வரிகளின் ஓரத்தில், கடைசியாகத் தொலைபேசியில் பேசிய தேதியைப் பென்சிலால் குறித்திருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டோம்.